பெரிய கரை, சின்னப் பாவாடை

ஐந்தரை மீட்டர் சேலையைப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கினால் நீளம் 46 சென்டிமீட்டர் வரும். 48 அங்குல அகலம் நான்கு அங்குலமாகும். ஆறு அங்குலக் கரை அரை அங்குலத்தில் அடங்கிவிடும். பொம்மை வீடு கட்டுகிறவர்கள் பெரும்பாலும் பின்பற்றுவது இந்தப் பன்னிரண்டில் ஒன்று என்ற அளவைத்தான். ஓர் அடி ஓர் அங்குலமாகிவிடுவதால் கணக்குப் போடச் சுலபம். நாற்காலி, கதவு, அலமாரி எல்லாம் இந்தக் கணக்குக்குப் படிந்துவிடும். துணி மட்டும் படியாது. நீளமும் அகலமும் குறைந்தாலும் நூலின் பருமன் அப்படியே இருக்கும். 0.15 மில்லிமீட்டர் நூல் அந்தப் பொம்மைக்கு 1.8 மில்லிமீட்டர் கயிறு. நமக்குப் பட்டு, அதற்குச் சாக்கு.

இன்னொரு சிக்கலும் உண்டு. சேலை வழிந்து விழுவது அதன் எடையால். அதே துணியில் கையகலத் துண்டு ஒன்றை வெட்டினால் எடை போய்விடுகிறது, விறைப்பு மிஞ்சுகிறது. மடிப்பு வைத்துவிட்டால் படியாமல் கூடாரம்போல எழும்பி நிற்கும். மரப்பாச்சிக்குச் சேலை கட்டிப் பார்த்தவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். சிறியதைச் செய்வது பெரியதைச் செய்வதைவிடக் கடினம் என்பதை எந்த ஊரிலும் சொல்லலாம். ஆனால் தறிச் சத்தத்தில் விடியும் ஊரில் அந்தக் கடினத்தின் காரணங்களைத் துணியிலேயே தொட்டுக் காட்ட முடியும்.

சேலத்துக்கு மேற்கே, கஞ்சமலையைச் சுற்றிச் சித்தர் கோவில் வழியாகப் போனால் இளம்பிள்ளை வரும். சேலைக்காகவே வெளியூர்க்காரர்கள் வந்துபோகும் பேரூர். கைத்தறியில் தொடங்கிய தொழில் விசைத்தறிக்கு மாறி, சுற்றுவட்டார ஊர்களுக்கும் பரவிவிட்டது. மொத்த வியாபாரிகள் கடைக்கு வருவது ஒருபக்கம் இருக்க, வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் சேலையை விரித்துக் காட்டி விற்பது இன்னொரு பக்கம் வளர்ந்திருக்கிறது. இங்கே ஓடும் தறிகளின் தலைக்குமேல் இருப்பது ஜக்கார்டு பெட்டி. 1804ஆம் ஆண்டையொட்டி பிரான்சின் லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார்டு உருவாக்கிய அமைப்பின் வழித்தோன்றல் அது. துளையிட்ட அட்டைகள் வரிசையாக நகர, துளை இருக்கும் இடத்துக்கு ஏற்பக் கொக்கிகள் பாவு நூலைத் தூக்கும். அந்தத் தூக்கலில்தான் மாங்காயும் மயிலும் விழுகின்றன. இப்போது பல இடங்களில் அட்டைக்குப் பதில் எலெக்ட்ரானிக் ஜக்கார்டு வந்துவிட்டது.

கரையில் இருக்கும் மயிலின் அளவு கொக்கிகளின் எண்ணிக்கையிலும் நூலின் நெருக்கத்திலும் கட்டுண்டது. ஐந்து வயதுக் குழந்தைக்காக அந்த மயிலைக் குட்டியாக்க வேண்டுமானால் புதிதாக டிசைன் போட வேண்டும், புதிதாக அட்டை அடிக்க வேண்டும், சில வேளை தறியையே மாற்றிக் கட்ட வேண்டும். சிறிய உருவில் வளைவுகளுக்குப் போதிய நூல் கிடைக்காது. மயிலின் கழுத்து படிக்கட்டுபோல உடைந்து தெரியும். அதனால் பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், அம்மாவின் சேலைக்குப் போட்ட அதே கரைதான் மகளின் பாவாடைக்கும் போகிறது. எட்டு அங்குலக் கரை 48 அங்குலச் சேலையில் ஆறில் ஒரு பங்கு. இடுப்பிலிருந்து கணுக்கால்வரை 24 அங்குலம் இருக்கும் சிறுமியின் பாவாடையில் அது மூன்றில் ஒரு பங்கு. பட்டுப் பாவாடை கட்டிய குழந்தை நமக்கு அவ்வளவு கம்பீரமாகத் தெரிவதற்கு இந்தப் பொருந்தாமையும் ஒரு காரணம். உடம்பு சிறியது, கரை முழு வளர்ச்சி பெற்றது.

குழந்தை உடை என்பது பெரியவர் உடையின் சுருக்கம் என்ற எண்ணத்தைத் தையல்காரர்கள் என்றும் நம்பியதில்லை. பிறந்த குழந்தையின் உயரத்தில் நாலில் ஒரு பங்கு தலை. வளர்ந்தவருக்கு அது ஏழில் அல்லது ஏழரையில் ஒன்று. அம்மாவின் ரவிக்கையை அப்படியே பாதி அளவில் வெட்டித் தைத்தால் கழுத்து வழியாகக் குழந்தையின் தலை நுழையாது. அதனால்தான் சின்னப் பிள்ளைகளின் சட்டைக்கு முதுகுப்பக்கம் முழுக்கத் திறப்பு வைத்து, கொக்கியோ நாடாவோ தைக்கிறார்கள். இடுப்பும் அப்படித்தான். மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்கு இடை ஒடுங்கியிருக்காது, வயிறுதான் முன்னால் நிற்கும்; வெறும் நாடா கட்டினால் பாவாடை ஓடும்போதே இறங்கிவிடும். பாடி வைத்த பாவாடை இதற்காக வந்தது. பாவாடையின் எடையை இடுப்பிலிருந்து எடுத்துத் தோளில் மாட்டிவிடும் ஏற்பாடு அது. வெளியே தெரிவது பட்டுச் சட்டை; பாரம் தாங்குவது உள்ளே இருக்கும் பருத்தி பாடி.

பாவாடையை உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தால் தைத்தவரின் கெட்டிக்காரத்தனம் இன்னும் தெரியும். ஜக்கார்டு கரையின் முன்பக்கம் வழவழவென்று இருக்கும். பின்பக்கத்தில், உருவத்தில் சேராத நூல்கள் ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்குத் தாவி மிதந்துகொண்டிருக்கும். பெரியவர்கள் உள்பாவாடைக்குமேல் சேலை கட்டுவதால் அந்த நூல்கள் உறுத்துவதில்லை. குழந்தைக்கோ கொலுசின் முத்து மாட்டும், கால்விரல் நகம் மாட்டும், ஒரு இழுப்பில் கரையே சுருங்கிப்போகும். ஜரிகை தொடையில் கீறும். ஆகவே லைனிங் கட்டாயம். நல்ல தையல்காரர் லைனிங்கைக் கரையின் அடிவிளிம்புவரை கொண்டுபோய் நிறுத்துவார். அரைகுறையாகத் தைப்பவர் முழங்காலோடு விட்டுவிடுவார். மாட்டுவது முழங்காலுக்குக் கீழேதான்.

லைனிங்குக்கும் கரைக்கும் இடையில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கும். டக்கு. பாவாடையை வேண்டியதைவிடச் சில அங்குலம் நீளமாக வெட்டி, மிச்சத்தைக் கரைக்கு மேலே உள்மடிப்பாகப் பிடித்துத் தைப்பது. அடுத்த தீபாவளிக்கு ஒரு டக்கைப் பிரித்தால் பாவாடை ஒன்றரை அங்குலம் இறங்கும், அதற்கடுத்த ஆண்டு இன்னொன்று. பிரித்த இடத்தில் மடிப்புக்குள் வெயில் படாமல் இருந்த துணி, பழைய அடர்நிறத்தில் பட்டையாகத் தெரியும். பழைய குடும்பப் படங்களில் பாவாடையின் கீழ்ப்பகுதியில் தெரியும் அந்தக் கோடுகளை எண்ணினால், அந்தத் துணி எத்தனை பண்டிகை கண்டது என்று ஓரளவு சொல்லிவிடலாம். ஒரு உடையிலேயே வளர்ச்சிக்கு இடம் வைத்துத் தைக்கும் இந்தப் பழக்கம் சிக்கனத்தால் வந்தது. நாகரிக உலகம் இன்று நீடித்த பயன்பாடு என்று பெயர் வைத்துப் பேசுவதை ஊர்த் தையல்காரர் டக்கு என்று மூன்றெழுத்தில் சொல்லி முடித்துவிட்டார்.

இனி பொம்மைக்கு வரலாம். மரப்பாச்சி கடையில் பெரும்பாலும் வெற்று மரமாகவே விற்கப்படும். உடுத்துவது வீட்டார் பொறுப்பு. பழைய மரப்பாச்சிகள் செம்மரத்தில் கடைந்தவை. குழந்தை வாயில் வைத்தாலும் கெடுதல் இல்லை என்று நம்பப்பட்ட மரம். அது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், குறிப்பாகச் சேஷாசலம் மலைப் பக்கத்தில் மட்டும் வளர்வது. 1995 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் இருக்கிறது. எனவே இன்று கிடைக்கும் மரப்பாச்சிகளில் பல வேறு மரத்தில் செய்து நிறம் ஏற்றியவை. நவராத்திரிக்கு நான்கு நாள் முன்பு பரணிலிருந்து இறங்கும் இந்த மரப்பாச்சித் தம்பதிக்கு ஆண்டுக்கொரு புத்தாடை உண்டு.

அனுபவமுள்ளவர்கள் புதுப்பட்டைத் தேடுவதில்லை. பலமுறை துவைத்துத் துவைத்து நைந்த வேட்டி, மல் துணி, அல்லது பழம்பட்டின் முந்திப்பக்கம்தான் முதல் தேர்வு. விறைப்பு செத்த துணி. அதை மூலைவாட்டில், தையல்காரர் மொழியில் கிராஸாக வெட்டினால் இன்னும் குழைந்து விழும். சேலைக்குக் கரை வேண்டுமே? நிஜக் கரை பொம்மையின் பாதி உடம்பை விழுங்கிவிடும். அதனால் கரையிலிருந்து ஒற்றை ஜரிகைக் கோட்டை மட்டும் உரித்தெடுத்து ஒட்டுவார்கள். உருவங்களைக் கைவிட்டு மினுக்கத்தை மட்டும் வைத்துக்கொள்வது. பார்ப்பவர் கண் மீதியை நிரப்பிக்கொள்ளும். மடிப்பைப் பொம்மையின்மேல் வைக்க முயன்றால் மாலை முழுக்கப் போராட வேண்டியதுதான். முதலில் துணியைத் தனியாக விசிறிபோல் மடித்து, தண்ணீர் தெளித்துத் தேய்த்து, மேலே ஒரு ஓட்டுத் தையல் போட்டுவிட்டுப் பிறகு இடுப்பில் சேர்ப்பார்கள்.

மடிப்பை முன்கூட்டியே தைத்து வைத்துவிட்டு உடம்பில் மாட்டுவது என்ற இந்த உபாயத்தைப் பரதநாட்டிய உடையிலும் காணலாம். 1936இல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல் நடனத்தோடு நடன உடையையும் திருத்தியமைத்தார். காலப்போக்கில், முன்னால் விசிறி விரியும் தைத்த உடை பொதுவழக்கமாயிற்று. ஏழு வயதில் சலங்கை கட்டும் குழந்தைக்கு அது பெரிய வசதி. ஒரு சேலையை வெட்டிக் கால்சட்டை, விசிறி, மேலாக்கு, இடுப்புத் துண்டு எனத் தனித்தனியாகத் தைத்துவிட்டால் பத்து நிமிடத்தில் உடுத்திவிடலாம். அண்மைக் காலத்தில் இதே உபாயம் பெரியவர்களிடமும் ஏறியிருக்கிறது. மடிப்புத் தைத்த ரெடிமேட் சேலை வந்தது. 'ஒட்டிக்கோ கட்டிக்கோ' வேட்டியும் வந்தது. கல்யாணத்துக்கு முதல்நாள் சேலையைக் கொடுத்தால் மடிப்பெடுத்து, தேய்த்து, பின் குத்திப் பெட்டியில் வைத்துத் தரும் ப்ரீ ப்ளீட்டிங் ஊருக்கு ஊர் பெண்களின் வீட்டுத் தொழிலாகிவிட்டது. பொம்மையோடும் குழந்தையோடும் மல்லுக்கட்டிய கைகளுக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றும் இருந்திருக்காது.

ஐரோப்பா இதே சிக்கலை வேறு வழியில் அணுகியது. ஆம்ஸ்டர்டாமில் பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்ற செல்வச் சீமாட்டி 1686 முதல் 1710 வரை செய்வித்த பொம்மை வீடு இன்றும் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கால்வாய்க்கரையில் ஒரு நிஜ வீடு வாங்கும் பணத்தை அது விழுங்கியது. குழந்தைகள் அதைத் தொடவே கூடாது. வந்தவர்களுக்குக் காட்டுவதற்கான செல்வம் அது. இந்த மரபின் உச்சம் இங்கிலாந்தின் மேரி அரசிக்காக 1921க்கும் 1924க்கும் இடையில் எழுந்த பொம்மை மாளிகை. வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ். அதே ஆண்டுகளில் டில்லியில் வைஸ்ராய் மாளிகையை, இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகையைக் கட்டிக்கொண்டிருந்தவரும் அவர்தான். பன்னிரண்டில் ஒன்று என்ற கணக்கு அங்கே சட்டம். குழாயில் தண்ணீர் வரும், விளக்கு எரியும், மின்தூக்கி ஏறி இறங்கும். நூலகத்துக்காக ஆர்தர் கோனன் டாயில் கட்டைவிரல் அளவுப் புத்தகத்தில் ஒரு ஹோம்ஸ் கதையே எழுதிக் கொடுத்தார். 1924இல் வெம்ப்ளி பேரரசுக் கண்காட்சியில் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைப் பார்த்தார்கள். இப்போது வின்ட்சர் கோட்டையில் இருக்கிறது. குழந்தை விளையாடாத பொம்மை வீடு என்ற வகையில் ஊர்ட்மனின் வீட்டுக்கு நேர்வாரிசு.

நம்மூர்ச் செப்புச் சாமானை எடுத்துத் தரையில் பரப்பிப் பாருங்கள். அம்மி இரண்டு அங்குலம், குடமும் இரண்டு அங்குலம், திருகையும் ஏறக்குறைய அதே அளவு. எதற்கும் எதற்கும் அளவுப் பொருத்தம் கிடையாது. ஆனால் அம்மியில் குழவி உருளும், திருகையின் மேற்கல் சுழலும், உரலுக்குள் உலக்கை இறங்கும், மத்து கடையும். இந்த மரபு அளவை விட்டுவிட்டு வேலையைப் பிடித்துக்கொண்டது. தாமிரபரணிக் கரையிலுள்ள அம்பாசமுத்திரத்தில் மரத்தைக் கடைசலில் ஏற்றி, சுழலும்போதே அரக்கு நிறத்தை அழுத்தித் தேய்த்துப் பளபளப்பாக்கும் செப்புத் தொழில் பேர்பெற்றது. சேலம், நாமக்கல் பக்கத்துக்கு மாக்கல் இருக்கிறது. நகத்தால் கீறினாலே கோடு விழும் மென்மையான கல். கல்சட்டி குடைகிற அதே கல்லில் குட்டிச் சட்டியும் குட்டி அடுப்பும் குடைந்துவிடலாம். நிஜக் கல்சட்டியைப் போலவே அதில் சூடு நின்று தணியும். அம்பாசமுத்திரம் செப்புச் சாமானும் நாமக்கல் மாக்கல் பாத்திரமும் அண்மையில் புவிசார் குறியீடு பெற்றன.

இந்தப் போக்குக்கு நீண்ட வேர் இருக்கிறது. சங்கப் பாடல்களில் சிறுமியர் கட்டும் மணல்வீட்டுக்குச் சிற்றில் என்று பெயர். கோரைப் புல்லில் பாவை செய்து விளையாடியதும் அங்கே பதிவாகியிருக்கிறது. பட்டினப்பாலையில், காயும் தானியத்தைக் கொத்தவந்த கோழியை விரட்ட எறிந்த காதணி, பிள்ளைகள் உருட்டும் மூன்று சக்கரச் சிறுதேருக்கு வழிமறிக்கும். ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். மூன்றும் விளையாட்டுச் சாமான்கள். மூன்றும் ஏதாவது செய்பவை: ஒன்று சிதையும், ஒன்று ஒலிக்கும், ஒன்று ஓடும்.

கொலுவில் படிக்கட்டுக்குப் பக்கத்தில் பிள்ளைகள் அமைக்கும் பூங்காவை நம்முடைய பொம்மை வீடு என்று தாராளமாகச் சொல்லலாம். தாம்பாளத்தில் மண் நிரப்பிக் கேழ்வரகும் கடுகும் தெளித்தால் மூன்று நான்கு நாளில் புல்வெளி. முகம் பார்க்கும் கண்ணாடி குளம். தீப்பெட்டி வீடு, தெர்மகோல் மலை. செட்டியார் பொம்மைக்கு முன்னால் நிஜ அரிசியும் பருப்பும் குவித்துக் கடை போட வேண்டும். வர்ணம் பூசிய பொய்க் குவியல் செல்லாது. கொலு எல்லா வீட்டு வழக்கமும் கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தறி ஓடும் வீடுகளில் நவராத்திரியின் பெரியநாள் ஆயுத பூசை. தறிக்குச் சந்தனம், குங்குமம், பொரி. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பூங்கா தாம்பாளம் இல்லாவிட்டாலும் காலி கோனும் தார்க்குச்சியும் வெட்டித் தள்ளிய நூல்கற்றையும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

வேடத்துக்கும் இந்தப் பகுதியில் பஞ்சமில்லை. ஆடித் திருவிழாவில் சேலம் குகை மாரியம்மன் கோயிலின் வண்டி வேடிக்கை புகழ்பெற்றது. அலங்கரித்த வண்டிகளில் சிவனும் முருகனும் அம்மனும் புராண மாந்தரும் வேடம் தாங்கி வருவார்கள். கூட்டத்துக்கு நடுவே அசையாமல் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். தெருக்கூத்தில் ஆட வேண்டும், அதனால் கிரீடமும் புஜக்கட்டையும் கல்யாண முருங்கை போன்ற லேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்தவை. நிற்கும் வேடத்துக்குப் பளு தாங்கும், ஆடும் வேடத்துக்குத் தாங்காது. 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையும் அதுபோன்ற பாய்ஸ் கம்பெனிகளும் சிறுவர்களையே அரசனாகவும் அரசியாகவும் மேடையேற்றின. பெரியவர் ஆபரணத்தைச் சின்னத் தோளுக்கு ஏற்பச் செய்தாக வேண்டிய நிலை அங்கே தினசரி வேலை.

பள்ளி மாறுவேடப் போட்டி இந்த வரிசையின் வீட்டுப் பதிப்பு. வேட்டித் துண்டில் முண்டாசு, கறுப்புக் கோட்டு, கண்மையில் மீசை என்றால் பாரதியார் தயார். சார்ட் அட்டையில் கிரீடம் வெட்டி, தங்கக் காகிதம் ஒட்டி, மயிற்பீலி செருகினால் கண்ணன். அம்மாக்கள் இரவோடு இரவாகச் செய்யும் இந்த வேடங்களில் அட்டை பிய்யும், மீசை வியர்வையில் வழியும். வாடகைக் கடை உடையில் அப்படி ஒன்றும் ஆகாது. எல்லாம் ஒரே அச்சு, ஒரே பாலியஸ்டர், யார் உடம்புக்கும் பொருந்தாத பொது அளவு. மேடைக்குப் பக்கத்தில் குத்துவிளக்கு எரியும்போது பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும் என்பது கூடுதல் கவலை. கழுத்தில் கட்டும் நாடாவும் கவனிக்க வேண்டியது. ஏழு வயதுவரையான குழந்தைகளின் உடையில் கழுத்துப் பகுதியில் இழுத்துக் கட்டும் கயிறே கூடாது என்கிறது ஐரோப்பியத் தரவிதி. பின்பக்கம் கொக்கி வைத்த நம் பாடி அந்த விதியில் தானாகத் தேறிவிடும்.

உடையையும் பொம்மையையும் ஒன்றுசேர்த்து ஆவணமாக்கியவர் கார்ட்டூனிஸ்ட் சங்கர். 1965இல் டில்லியில் திறக்கப்பட்ட அவருடைய பன்னாட்டுப் பொம்மை அருங்காட்சியகத்தில் மாநிலந்தோறும் மணமக்கள் எப்படி உடுத்துவார்கள் என்பதைக் கைவேலைப் பொம்மைகளிலேயே காணலாம். அங்கேயே ஒரு பட்டறையும் வைத்து இந்தியப் பொம்மைகளைச் செய்து வெளிநாட்டுப் பொம்மைகளோடு மாற்றிக்கொண்டார்கள். அங்கும் துணியின் பழைய தகராறுதான். கரையைச் சிறுத்து நெய்ய முடியாத இடத்தில் ஒற்றை ஜரிகைக் கோடே காஞ்சிபுரமாகிவிடும்.

சட்டத்தின் கண்ணில் இவையெல்லாம் வெவ்வேறு பெட்டிகள். 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்குட்பட்டோருக்கான விளையாட்டுச் சாமான்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். கைவினை ஆணையரிடம் பதிவு செய்துகொண்ட கலைஞர்களுக்கும் புவிசார் குறியீட்டுப் பொருள்களுக்கும் விலக்கு உண்டு. ஆகவே குறியீடு என்பது அம்பாசமுத்திரத்துக்குப் பெருமையோடு நிற்பதில்லை. பரிசோதனைக்கூடச் செலவில்லாமல் செப்பை விற்க வழியும் அதுவே. பாவாடைக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. இளம்பிள்ளைத் துணியில் தைத்து வரும் பாவாடை செட்டுகள் 16, 18, 20 என்று அளவு எண் ஒட்டி வெளியூர் போகின்றன. ஒவ்வொரு எண்ணுக்கும் சரியாக அளந்த துணி. ரெடிமேடில் டக்குக்குத் துணி விடுவது அபூர்வம். பிள்ளை வளர்கிற வேகம் தெரிந்த பெற்றோர் 18 போதும் என்னும் இடத்தில் 22 வாங்கி, தெருமுனைத் தையல்காரரிடம் கொடுத்து இரண்டு டக்கு பிடித்துத் தரச் சொல்கிறார்கள்.